அப்பா போனைக் கீழே வைப்பதே இல்லை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தவறி 14 மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு திண்டுக்கல்லில் எங்களோடுதான் இருக்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா இருந்தவரை அப்பா யாராவது கூப்பிட்டால் மட்டும்தான் போனை எடுப்பார். இப்போது கண் விழித்ததும் யூடியூப். இரவு ஒரு மணி, ஒன்றரை மணி வரை யூடியூப். வீடே அதிரச் சத்தம் வைக்கிறார். ஏதோ வைத்திய வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு பிரஷர் மாத்திரையில் ஒன்றை நிறுத்திவிட்டு கஷாயம் குடிக்கிறார். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, பேத்தியைத் தெருவில் விளையாட விடுவதில்லை. குடும்பக் குரூப்பில் தினமும் முப்பது நாற்பது ஃபார்வர்டு. ஏதாவது சொன்னால், "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று கத்துகிறார். என் கணவர் ஓர் இரவு வைஃபையை அணைத்தார். அப்பா மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன், அப்பாவைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார். இது போன் அடிமைத்தனமா? போனை வாங்கி வைத்துவிடலாமா? டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போனைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த மாத்திரை. எதை நிறுத்தினார், எத்தனை நாளாகிறது என்று இன்றே அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டினோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும், நெஞ்சுவலி வரலாம். ஏற்கனவே இதயக் கோளாறு இருப்பவருக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். அம்லோடிபின் போன்றவற்றை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் நாளுக்கு நாள் ஏறும். தலைசுற்றல்கூட இருக்காது. அதனால்தான் "நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்" என்று அவரால் சொல்ல முடிகிறது. நீங்களாகப் பழைய அளவை மறுபடி கொடுத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரைப் போனில் அழைத்து, நிறுத்திய தேதியைச் சொல்லிக் கேளுங்கள். கஷாயத்தில் என்ன சேர்கிறது என்றும் சொல்லுங்கள். அதிமதுரம் தினமும் உள்ளே போனால் ரத்த அழுத்தம் கூடும், உடம்பில் பொட்டாசியம் குறையும். இது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது.

வீடியோ சரியா தவறா என்று அவரோடு வாதாட வேண்டாம். மேல்கையில் பட்டை கட்டி அளக்கும் பி.பி. கருவி ஒன்றை வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படிய, கையை மேஜை மீது நெஞ்சு உயரத்தில் வைத்து, காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் அவரே எழுதட்டும். ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-ஐத் தாண்டினால் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். இத்தனை வருடம் வேபில் (டிக்கெட் கணக்குத் தாள்) எழுதியவர். தன் கையெழுத்தில் இருக்கும் எண்களை நம்புவார். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் ஏதாவது சேர்ந்து வந்தால் நோட்டும் வேண்டாம், யோசனையும் வேண்டாம்: 108.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாட்டில், இணையம் சார்ந்த பழக்கங்களில் நோய் என்று பெயர் பெற்றவை விளையாட்டும் சூதாட்டமும்தான். வீடியோ பார்ப்பதற்கோ வாட்ஸ்அப்புக்கோ அப்படி ஒரு நோய்ப் பெயர் அதில் இல்லை. அதனால் பாதிப்பே இல்லை என்றாகிவிடாது. ஆனால் "அடிமை" என்று பெயர் சூட்டிவிட்டால் அடுத்து செய்யத் தோன்றுவது போனைப் பிடுங்குவதுதான். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, அம்மா இருந்தவரை யாராவது கூப்பிட்டால் மட்டும்தான் அவர் போனை எடுப்பார் என்ற வரி. போன் அந்த வீட்டில் அப்போதும் இருந்தது. பேச ஆள் இல்லாமல் போனது 14 மாதத்துக்கு முன்புதான்.

வயதான ஆண்களுக்கு மனச்சோர்வு வந்தால் அது அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக வரும், தூக்கமின்மையாக வரும், உடம்பைப் பற்றிய ஓயாத பயமாக வரும். "சோகமா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். ஆகவே வேறு விதமாகக் கேட்க வேண்டும். மருத்துவர்கள் முதல் சல்லடையாக இரண்டே கேள்வி வைத்திருக்கிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தது எத்தனை நாள்? மனம் சோர்ந்தோ, இனி என்ன இருக்கிறது என்றோ இருந்தது எத்தனை நாள்? ஒவ்வொன்றுக்கும், ஒரு நாளும் இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். இதைப் பரீட்சை மாதிரி கேட்க வேண்டாம். காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, "முன்ன மாதிரி பேப்பர் படிக்கிறதில்லையேப்பா, பிடிக்கலையா?" என்று ஆரம்பியுங்கள்.

இன்னொன்று: சத்தம். வீடே அதிர வைத்துக் கேட்பவருக்குக் காது மந்தமாகியிருக்க வாய்ப்பு அதிகம். நான்கு பேர் பேசும் சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பாதி புரியாது. புரிந்ததுபோல் தலையாட்டுவதைவிட அறைக்குப் போய்விடலாம் என்று தோன்றும். போனில் ஒருவர் நேருக்கு நேர் முகம் காட்டி, நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் பேசுகிறார். உதடும் தெரிகிறது, கீழே எழுத்தும் ஓடுகிறது. அது அவருக்கு வீட்டுப் பேச்சைவிடச் சுலபம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டி, குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். காதைச் சரிசெய்தால் போன் நேரம் தானாகக் கொஞ்சம் குறைவது உண்டு.

அவர் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்பதற்கும் காரணம் இருக்கிறது. யூடியூப் ஒருவரின் விருப்பத்தைக் கேட்டு எதையும் காட்டுவதில்லை. எதைத் தட்டினார், எவ்வளவு நேரம் நிறுத்திப் பார்த்தார் என்பதை வைத்துக்கொண்டு அடுத்ததைக் கொண்டுவந்து வைக்கிறது. பயத்தில் பார்த்தாலும் அதன் கணக்கில் அது பார்த்ததுதான். "இந்த மாத்திரை சிறுநீரகத்தை அழிக்கும்" என்ற வீடியோவை ஒருமுறை முழுதாகப் பார்த்தால், மறுநாள் அதே போல் ஐந்து வந்து நிற்கும். ஐந்து பேர் தனித்தனியாகச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எடுத்ததாக இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியத்தை மனம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1977-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். அவர்கள் சோதித்தது கல்லூரி மாணவர்களிடம். ஆக இது உங்கள் அப்பாவின் அறிவுக் குறைவோ வயதுக் கோளாறோ அல்ல.

இதற்கு மேல் ஒரு பாசமும் சேர்கிறது. தினமும் அதே முகம், அதே வணக்கம், "நம்ம குடும்பம்" என்ற அழைப்பு. பார்ப்பவருக்கு அவர் வீட்டுக்கு வந்துபோகும் மனிதராகிவிடுகிறார். தொலைக்காட்சி பார்ப்பவர்களிடம் இந்த ஒருதலை நட்பை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-இலேயே எழுதினார்கள். துணையை இழந்தவரிடம் இது இன்னும் ஆழமாக வேர்விடும். அந்த வீடியோக்காரரை நீங்கள் "ஃபிராடு" என்று சொல்லும்போது அப்பாவுக்குத் தன் சிநேகிதனைத் திட்டியதுபோல் இருக்கிறது. கத்துவது அதனால்தான்.

அமெரிக்காவில் 2016 தேர்தல் சமயத்து ஃபேஸ்புக் பகிர்வுகளை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, 65 வயதைத் தாண்டியவர்கள் இளையவர்களைவிடச் சுமார் ஏழு மடங்கு அதிகமாகப் பொய்ச் செய்திகளைப் பகிர்ந்ததாகச் சொன்னது. பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. பகிர்ந்தவர்கள் மொத்தத்தில் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்பது அதே ஆய்வில் இருந்தும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. முதியவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்ற முடிவுக்கு யாரும் வரவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

போனைப் பிடுங்கலாமா? கூடாது. வைஃபையை அணைப்பதும், அவருக்குத் தெரியாமல் பூட்டுப் போடுவதும், பேத்தியை விட்டு வேவு பார்ப்பதும் அதே வகைதான். அவருடைய ஓய்வூதியக் குறுஞ்செய்தி அதில் வருகிறது, டிப்போ நண்பர்கள் அதில் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் புகைப்படங்களும் அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் அந்தப் போனில் இருக்கக்கூடும். அவர் இரவில் தனியாக அதைத்தான் கேட்டுவிட்டு, பிறகு தூக்கம் வராமல் யூடியூப் பக்கம் போகிறாரோ, தெரியாது. ஆகவே அவர் போனில் எந்தக் கைவேலையும் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்: அவருடைய சம்மதத்தோடு அம்மாவின் வாட்ஸ்அப் உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, "எக்ஸ்போர்ட் சாட்" போய், "இன்க்ளூட் மீடியா" என்பதைத் தேர்ந்து உங்கள் மின்னஞ்சலுக்கோ டிரைவுக்கோ அனுப்புங்கள். வந்து சேர்ந்ததா, குரல் கேட்கிறதா என்று திறந்து பாருங்கள். முக்கியமானவற்றைத் தனியாக ஒரு பென் டிரைவிலும் போடுங்கள். "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வரும்போது ஃபார்வர்டு வீடியோக்களோடு சேர்ந்து இவையும் அழிந்துபோன வீடுகள் உண்டு. அந்த இழப்பை எந்த ஆலோசனையாலும் ஈடுகட்ட முடியாது. அதோடு, இதைச் செய்து கொடுக்கும்போதுதான் நீங்கள் தன் போனுக்கு எதிரி இல்லை என்பது அவருக்குப் புரியும்.

அடுத்த வாரம் முழுக்கப் பார்ப்பது மட்டும்தான் வேலை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்று இருக்கும். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று அது காட்டும். மொத்தக் கணக்கைவிட எந்த மணி நேரம் என்பதுதான் முக்கியம். அதனால் ஒரு தாளில் நீங்களும் குறித்து வையுங்கள்: நீங்கள் இருவரும் வேலைக்குப் போனதும், மதியம் சாப்பிட்டதும், மாலை ஆறிலிருந்து எட்டு, படுத்த பிறகு என்று நான்கு பொழுது. எது அவருக்கு அம்மாவோடு கழிந்த நேரமாக இருந்ததோ, பெரும்பாலும் அங்கேதான் போன் அதிகமாக இருக்கும். நீங்கள் மாற்ற வேண்டியது அந்த ஒரு பொழுதைத்தான். பகல் பத்து மணிக்கு அவர் பழைய பாட்டுக் கேட்டால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போன் அவர் கையிலேயே இருக்க, யூடியூபைச் சுத்தம் செய்யலாம். "அப்பா, தேவையில்லாததெல்லாம் வந்து உங்க டேட்டாவைத் தின்னுது, எடுத்துவிடலாமா?" என்று கேட்டால் மறுக்கமாட்டார். செட்டிங்ஸில் "மேனேஜ் ஆல் ஹிஸ்டரி" போய், கடந்த சில மாதத்துப் பார்வைப் பதிவை அழியுங்கள். முகப்பில் பயமுறுத்தும் வீடியோ வந்தால் அதன் மூன்று புள்ளியைத் தொட்டு "டோன்ட் ரெகமண்ட் சேனல்" கொடுங்கள். "நாட் இன்ட்ரஸ்டட்" அந்த ஒரு வீடியோவுக்கு வேலை செய்யும். சேனலே வராமல் செய்வது முன்னதுதான். "ஆட்டோபிளே"யை அணைத்துவிடுங்கள். ஒரு வீடியோ முடிந்து திரை நின்றால்தான், "போதும்" என்று நினைக்க அவருக்கு ஒரு கணம் கிடைக்கும். ஷார்ட்ஸில் அந்தக் கணமே கிடையாது. யூடியூபின் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் நான்கே நாளில் பழைய குப்பை திரும்பிவிடுகிறது. காலியான இடத்தை நிரப்ப வேண்டும். அவருக்கு உண்மையிலேயே என்ன பிடிக்கும்? நாதஸ்வரக் கச்சேரியா, பட்டிமன்றமா, பழைய பேருந்துகள் பற்றிய வீடியோவா, மாடு கன்று வளர்ப்பா? அவரையே மைக்கில் பேசித் தேடச் சொல்லி, அன்றைக்கே ஏழெட்டை ஓடவிட்டு, நான்கைந்து சேனலுக்குச் சந்தா போடவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப்பில் செய்ய வேண்டியது குறைவு. "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா"வில் தானாக இறங்கும் வீடியோக்களை நிறுத்துங்கள். ஓயாமல் ஃபார்வர்டு வரும் குரூப்புகளை "மியூட்" செய்து "ஆர்க்கைவ்" பண்ணுங்கள். வெளியேற வேண்டாம், டிப்போ நண்பர்கள் வருத்தப்படுவார்கள். இரட்டை அம்புக்குறி என்றால் என்ன என்று அவருக்குக் காட்டுங்கள். அந்தச் செய்தி குறைந்தது ஐந்து முறையாவது கைமாறி வந்திருக்கிறது, அனுப்பியவர் எழுதியதே அல்ல என்பது அதன் பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். பரவுவதைக் குறைக்க வாட்ஸ்அப்பே போட்ட தடை அது.

இங்கே அவருடைய தொழில் உங்களுக்குக் கைகொடுக்கும். கூட்ட நெரிசலில், மங்கிய வெளிச்சத்தில், நீட்டிய ஐந்நூறு ரூபாயை ஒரு தரம் தடவித் திருப்பிப் பார்த்து, "இது செல்லாது, வேற குடு" என்று சொன்ன கை அது. வரும் செய்தியையும் அப்படித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்: யார் சொன்னது, எந்தத் தேதி, எந்த ஊர், இதனால் அவருக்கு என்ன வருமானம்? "தப்பு" என்று நீங்கள் முடிவு சொல்லாதீர்கள். "இவரு எங்க படிச்சாருப்பா? கடைசியில ஏதாவது பொடி விக்கிறாரா?" என்று கேட்டுவிட்டு, அவரையே பார்க்கச் சொல்லுங்கள். தானே கண்டுபிடித்த பொய்யை அவர் குரூப்பில் போடமாட்டார்.

பிள்ளை பிடிக்கும் வதந்தியில் மட்டும் கொஞ்சம் அழுத்தமாகப் பேசலாம். 2018 மே மாதம் போளூர் பக்கத்தில், குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தில் இருந்த மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக, இதே போன்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பிய கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அவருக்கும் உங்கள் அப்பாவின் வயதுதான் இருக்கும். ஃபார்வர்டால் ஒரு உயிர் போகும் என்பதை இந்தச் சம்பவத்தைச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். சந்தேகம் வந்தால் 112-க்கோ, குழந்தைகளுக்கான 1098-க்கோ சொல்ல வேண்டும், குரூப்புக்கு அல்ல. பேத்தி மேல் அவருக்குள்ள பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்: மாலை ஐந்து மணிக்கு அவளைத் தெருவில் விளையாடக் கூட்டிப்போய், ஆறு மணிக்குத் திரும்பக் கூட்டிவருவது அவர் பொறுப்பு. பயமும் அடங்கும், நடையும் ஆகும், ஒரு மணி நேரம் போனும் பையில் இருக்கும்.

இரவைச் சரிசெய்வதுதான் கடினம், நாளும் பிடிக்கும். திரையின் நீல ஒளியால் தூக்கம் கெடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒளிக்குப் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு மணி நேரம் மின்திரையில் புத்தகம் படித்தவர்களுக்குத் தூக்கம் பிடிக்கச் சராசரியாகப் பத்து நிமிடம்தான் கூடுதலாக ஆனது. அப்பாவை விழிக்கவைப்பது, அவர் பார்ப்பதில் உள்ள பதற்றம். ஆகவே திரையை மஞ்சளாக்கிவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்குக் கொலைச் செய்தி பார்த்தால் பலன் இல்லை.

அவர் வயதுக்கு ஏழு முதல் எட்டு மணி நேரத் தூக்கம் போதும். மதியம் இரண்டு மணி நேரம் தூங்குகிறாரா என்று பாருங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது அதுதான் நடந்துகொண்டிருக்கும். மதியத் தூக்கம் மூன்று மணிக்குள், அரை மணிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கடைசி டீ நான்கு மணிக்கு முன். இரவுச் சாப்பாடு ஏழரை. படுக்கை பத்தரைக்குத்தான், தூக்கமே வராத எட்டரை மணிக்குப் படுக்கப் போனால் கை போனைத்தான் தேடும். எழுவது தினமும் ஒரே நேரம், அதாவது இரவு எப்படிப் போனாலும் ஐந்தரை. படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்காரட்டும். ரேடியோ கேட்கலாம், திருவாசகம் படிக்கலாம், கண் சொருகும்போது திரும்பப் போகலாம். படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி பழக வேண்டும். அவர் எழுந்து நடக்கும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும், மிதியடி வழுக்கக்கூடாது. இந்த வயதில் இரவில் விழுந்து இடுப்பெலும்பு உடைவது, தூக்கம் கெடுவதைவிடப் பெரிய ஆபத்து.

போன் படுக்கையறையில் வேண்டாம். சார்ஜரைக் கூடத்தில் நிரந்தரமாக மாட்டுங்கள், மணி ஒலி முழுச் சத்தத்தில். அவசரத்துக்குக் கூப்பிட அவர் தலைமாட்டில் ஒரு பட்டன் போன் இருக்கட்டும். உங்கள் எண் ஒரே அழுத்தத்தில் போகும்படி வையுங்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் போனை வெளியே வைக்கச் சொன்னால், "ராத்திரி நெஞ்சு வலிச்சா யாரைக் கூப்பிடறது?" என்பார், அவர் கேட்பது நியாயம். வீட்டில் எல்லோருடைய சார்ஜரும் அதே இடத்துக்கு வர வேண்டும், உங்கள் கணவருடையதும். முதல் மூன்று நான்கு இரவு இன்னும் மோசமாக இருக்கும், எரிந்து விழுவார். இரண்டாவது வாரத்தில் ஓரிரு நாள் பழையபடி ஒரு மணி வரை பார்ப்பார். அன்றைக்கு எதுவும் சொல்லாமல், மறுநாள் அதே ஐந்தரைக்கு எழுப்பி டீ கொடுங்கள்.

நல்ல தூக்கம் வரட்டும் என்று யாராவது மருந்துக் கடையில் அல்பிரசோலம் மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். முதியவர்களுக்கு அது மறதியைக் கூட்டும், விழவைக்கும், சில வாரத்திலேயே அது இல்லாமல் தூங்க முடியாத நிலைக்குக் கொண்டுவிடும். நிஜமான அடிமைத்தனம் அங்கேதான் இருக்கிறது.

தனியாக இருக்கும், பயந்த, கையில் ஓய்வூதியம் உள்ள முதியவரைத் தேடுகிறவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். "டிஜிட்டல் கைது" என்று வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து மிரட்டுபவர்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. வாட்ஸ்அப்பில் பிரைவசி, கால்ஸ் போய் "சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்" என்பதை இயக்கிவையுங்கள். யூபிஐயை, மாதச் செலவுக்கான சிறு தொகை மட்டும் உள்ள கணக்கோடு இணையுங்கள். யார் பணம் கேட்டாலும் போனை வைத்துவிட்டு முதலில் உங்களை அழைக்க வேண்டும் என்று பேசி வையுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930. திட்டு விழுமோ என்று பயந்து முதியவர்கள் இரண்டு நாள் மறைப்பதால்தான் பணம் திரும்பாமல் போகிறது. அதனால் "நான் திட்டமாட்டேன்ப்பா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் எப்படிக் கூட்டிப்போவது? மனநலம் என்ற பேச்சே வேண்டாம். அந்த பி.பி. நோட்டோடு, அவருடைய வழக்கமான மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றின் கோளாறும் சோர்வாகவும் எரிச்சலாகவும் மறதியாகவும் தெரியும். தூக்கமின்மையையும், அம்மா இறந்ததையும், அந்த இரண்டு கேள்வியின் மதிப்பெண்ணையும் நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வேண்டும் என்று அவர் வாயால் வந்தால் அப்பா கேட்பார். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினால் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள், பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே "ஒண்ணும் தெரியலை" என்று நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே தமிழில் பேச, 24 மணி நேரமும், டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. முதியோருக்கான உதவி எண் 14567.

காத்திருக்கக்கூடாத அறிகுறிகளும் உண்டு. "நானும் போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்று சொல்வது, சாப்பாட்டை ஒதுக்குவது, பொருட்களை யாருக்கோ பிரித்துக் கொடுப்பது, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது. இப்படி ஏதாவது கண்டால், "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. சொல்ல ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். அன்றைக்கே மருத்துவமனை, அதுவரை தனியாக விடவேண்டாம். தெரிந்த தெருவில் வழி தவறுவது, காசுக் கணக்கில் குழம்புவது, சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டதாகச் சொல்வது இவையெல்லாம் மூளை நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் அண்ணன் சொன்ன யோசனை: அப்பாவைக் குரூப்பிலிருந்து எடுக்காதீர்கள். அந்த நாற்பது ஃபார்வர்டும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அவர் சொல்லும் விதம்தான். பதிலுக்கு யாரும் ஒரு வரிகூட எழுதாததால் எண்ணிக்கை கூடுகிறது. அண்ணனை வாரம் இரண்டு நாள், நம் நேரம் இரவு எட்டு மணிக்கு, வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்பாவுக்கு மட்டுமே தெரிந்த எதையாவது கேட்கச் சொல்லுங்கள்: கொடைக்கானல் மலைப்பாதையில் பனி இறங்கினால் டிரைவருக்கு எப்படி வழி சொல்வார், அம்மாவை முதன்முதலில் பெண் பார்க்கப் போனபோது யார் யார் உடன் வந்தார்கள், அந்தக் காலத்தில் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு எவ்வளவு டிக்கெட். எட்டரை மணி ஆகியும் பேச்சு ஓடினால் அன்றைக்கு நேரத்தைப் பார்க்க வேண்டாம்.